நாலாவது வரி

படிவத்தில் பதினோராவது கேள்வியை மட்டும் விஜயகுமாரி விட்டுவிட்டாள். மற்றதெல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியாகிவிட்டது. பெயர், வயது முப்பத்து மூன்று, முகவரி, எட்டு வருட அனுபவம், ஓட்டத் தெரிந்த இயந்திரங்கள். பதினோராவது கேள்வி இனம். அதன் கீழே கட்டங்கள் வரிசையாக நின்றன: பர்மியர், ஷான், கரேன், கச்சின், சின், மொன், ரக்கைன், கயா. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு புள்ளிக்கோடு. கோடு ஒரு விரல் நீளம்கூட இல்லை. மற்றவர்களுக்கு அவ்வளவுதான் இடம்.

மாலை ஆறு மணி. மின்சாரம் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பேட்டரி விளக்கடியில் அவள் படிவத்தை மடிப்பதற்குள் தம்பி பாலா எட்டிப் பார்த்துவிட்டான்.

"அக்கா, பதினொண்ணு காலியா இருக்கு."

"தெரியும்."

"மறந்துட்டியாக்கும்னு பாத்தேன்."

"ஜாக்கெட்டுல ஒரு தையல் விட்டிருந்தா மூணு அடி தள்ளி நின்னு கண்டுபிடிக்கிறவ. ஒரு கட்டத்தை மறப்பேனா?"

ரங்கூனின் இன்சீன் ரயில்வே பட்டறைக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு அறை வீட்டிலிருந்து அக்காவும் தம்பியும் தினமும் ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலைக்கு வேலைக்குப் போகிறார்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கான பஞ்சு ஜாக்கெட் தைக்கிற ஆலை. தைக்கிறவர்கள் யாரும் ஆயுளில் அதைப் போட்டுக்கொள்ளப் போவதில்லை. விஜயகுமாரி தரம் பார்ப்பவள், மஞ்சள் தலைத்துணி. பாலா துணி வெட்டும் பிரிவு. ஆறாவது வரிசைக்கு சூப்பர்வைசர் இடம் காலியாகியிருந்தது. அது சிவப்புத் தலைத்துணி. அந்த இடம் இதற்கு முன் இரண்டு தடவை காலியானது. இரண்டு தடவையும் அவள் கேட்டாள், இரண்டு தடவையும் அவளிடம் வேலை கற்றுக்கொண்டவர்களுக்குப் போனது. முதல் தடவை மேனேஜர் காரணம் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை, "நீ சொன்னா பொண்ணுங்க கேக்க மாட்டாங்க" என்றார். ஏன் கேட்க மாட்டார்கள் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரிந்த விஷயம்.

இந்தத் தடவை அப்படியில்லை. ஜாக்கெட் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஆலையில் இருபத்திரண்டு சூப்பர்வைசர்கள், இருபத்தொருவர் பர்மியர். வேலை செய்கிற ஆயிரத்து இருநூறு பேரோ பல இனம். மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களைப் போல இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆர்டரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். கடிதத்தின் மரியாதையான பாஷையை நீக்கிவிட்டுப் பார்த்தால் இவ்வளவுதான். மேனேஜர் அதை ஒரே வரியாக்கி நுழைவாயில் பலகையில் ஒட்டிவிட்டார்: சிறுபான்மை இனத்தவருக்கு முன்னுரிமை.

"உனக்காகவே ஒட்டுன நோட்டீஸ் அக்கா அது," என்றான் பாலா.

"அதனாலதான் வேணாங்கிறேன்."

"அப்ப எதுக்கு விண்ணப்பம் போடுற?"

"வேலை தெரியும்னு போடுறேன். கைக்காகக் கூப்பிட்டா போறேன். தோலுக்காகக் கூப்பிட்டா போகல. நாப்பது பொண்ணுங்க முன்னாடி நிக்கணும் நானு. ஒவ்வொருத்தியும் மனசுக்குள்ள, கலாமா கோட்டாவுல வந்தவன்னு சொல்லுவா."

"இப்ப மட்டும் மகாராணின்னா சொல்றாளுங்க? இப்பவும் கலாமாதான்." கலாமா என்றால் இந்தியக்காரி, சொல்கிற வாயைப் பொறுத்து அது வெறும் அடையாளமாகவும் இருக்கும், எச்சிலாகவும் இருக்கும். பாலா விடவில்லை. "ரெண்டு தடவ உன்னக் கழிச்சு விட்டாங்களே, கையப் பாத்தா கழிச்சாங்க? கார்டுல இருக்கிற அந்த ஒரு வரியப் பாத்துதானே? கழிக்கறதுக்கு மட்டும் அந்த வரி வேணும். சேக்கறதுக்குன்னா அசிங்கமா?"

அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. பிழை கண்டுபிடிக்க முடியாத சரக்கைப் பார்த்தால் அவளுக்கு எப்போதும் எரிச்சல்தான் வரும்.

"நீ பேசுவடா. உனக்கென்ன, பமா கார்டு," என்றாள். பமா என்றால் பர்மியன்.

சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று இருந்தது. பாலா பேட்டரி விளக்கைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அடுப்பிலிருந்து பட்டாணி அவித்த சட்டியை இறக்கிக்கொண்டு அம்மா பவுனம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆரம்பிச்சிட்டீங்களா? நான் பெத்தது ரெண்டே ரெண்டு. ஒண்ணு கலா, ஒண்ணு பமா. நடுவுல நான் ஒருத்தி ஐநா சபை. எந்திரிச்சு வந்து சாப்பிடுங்க."

அது இப்படித்தான் ஆனது. பத்து வயதில் விஜயகுமாரிக்கு அடையாள அட்டை வாங்க அப்பா குழந்தைவேலு ஐந்து முறை அலைந்தார். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்துக் காகிதம், பட்டறைச் சான்று, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, பட்டறையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு. ஐந்தாவது முறை எழுத்தர் அட்டையைக் கொடுக்கும்போது அறை முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார்: "இனம் இந்தியர், மதம் இந்து." பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆறு வருடம் கழித்து பாலாவின் முறை வந்தது. அதற்குள் அப்பாவுக்குத் தேநீர்க்கடையில் ஒரு எழுத்தர் பழக்கமாகியிருந்தார். ஒரே நாளில் அட்டை கைக்கு வந்தது. பெயர் மௌங் ஸோ மின். இனம் பர்மியர், மதம் பௌத்தம். அப்பாவின் பெயரைக்கூடப் பட்டறையில் அவரைக் கூப்பிடுகிற உ கலே என்ற பர்மியப் பெயரிலேயே போட்டிருந்தார்கள். விஜயகுமாரி குடையோடு பக்கத்தில் நின்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல், "ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்மா" என்றார். ஒன்று என்றால் எது என்று அவள் கேட்கவில்லை. இப்போது கேட்கவும் முடியாது, அவர் போய் மூன்று வருடம் ஆகிறது.

தமாஷ் என்னவென்றால் இருவரில் பாலாதான் கறுப்பு. சோதனைச்சாவடியில் சிப்பாய் அட்டையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், மறுபடி அட்டையைப் பார்ப்பான். பாலா பல்லைக் காட்டுவான். அட்டை சொன்ன பிறகு முகத்துக்குப் பேச்சு இல்லை.

ஆலையில் அவர்கள் அக்கா தம்பி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றே அது முடிவானது. கோ ஸோ மின் ஒரு பர்மியன், மா விஜா ஒரு இந்தியக்காரி, ஒரே வார்டில் குடியிருப்பவர்கள், அவ்வளவுதான். கோ, மா, உ, டோ எல்லாம் பெயருக்கு முன்னால் வைக்கிற பர்மிய மரியாதைச் சொற்கள். ஆலை பஸ்ஸுக்கு ரங்கூனில் ஃபெரி என்று பெயர். அதில் அவன் பின்னால் ஆண்களோடு தொங்குவான், அவள் முன்னால் உட்காருவாள். அம்மா கட்டிக்கொடுத்த ஒரே குழம்பு இரண்டு டப்பாக்களில் இரண்டு மேஜைகளில் திறக்கும். அவன் அவளைப் பார்த்தால், "மா விஜா, சாப்பிட்டாச்சா" என்று பர்மியத்தில் கேட்பான். அவள், "ஆச்சு" என்பாள். வெட்டும் பிரிவில் அவனோடு நிற்கிற பையன்கள் அவனிடம் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு வகையான கேள்விதான் என்று அவளுக்குத் தோன்றும்.

மறுநாள் காலை பதினோராவது கேள்வி காலியாகவே படிவத்தை அலுவலகத் தட்டில் போட்டாள். மூன்றாம் நாள் மதியம் ஒலிபெருக்கி கூப்பிட்டது. தரப் பிரிவு மா விஜா, வெட்டும் பிரிவு கோ ஸோ மின், அலுவலகத்துக்கு. அந்த இரண்டு பெயர்களையும் ஆலையில் அதுவரை யாரும் ஒரே மூச்சில் சொன்னதில்லை.

ஆள் எடுக்கும் அதிகாரி டோ கின் சான் ஐம்பது வயதுக்காரி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. மேஜையில் விஜயகுமாரியின் படிவம் கிடந்தது. பதினோராவது கேள்வியில் 'மற்றவை' கட்டத்தில் குறி போட்டு, புள்ளிக்கோட்டில் 'தமிழ்' என்று பர்மிய எழுத்தில் எழுதியிருந்தது. அது அவள் எழுதியதல்ல. படிவத்தோடு ஒரு நகல் ஸ்டேப்ளர் அடித்திருந்தது. வீட்டின் குடும்பப் பட்டியல்.

ஆலை அதைக் கேட்கவில்லை; ஆனால் ரங்கூனில் வேறு எந்த விண்ணப்பமும் குடும்பப் பட்டியல் நகல் இல்லாமல் போகாது. சிம் கார்டு வாங்கவும் அதுதான், மாமன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கவும் அதுதான். அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். வெட்டுக் கணக்கை அலுவலகத்தில் கொடுக்க தினமும் போகிற பாலா, தட்டிலிருந்து படிவத்தை எடுத்து, காலிக் கட்டத்தை நிரப்பி, அக்கா தமிழச்சிதான் என்பதற்கு அத்தாட்சியாகப் பட்டியலையும் வைத்துவிட்டிருக்கிறான்.

அதில் நான்கு வரிகள். முதல் வரி உ குழந்தைவேலு, குடும்பத் தலைவர், இந்தியர், இந்து. அவர் போய்விட்டதால் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தது. இரண்டாவது பவுனம்மாள், மனைவி, இந்தியர், இந்து. மூன்றாவது விஜயகுமாரி, மகள், இந்தியர், இந்து. நாலாவது ஸோ மின், மகன், பர்மியர், பௌத்தம்.

டோ கின் சான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அதே நேரம் மின்சாரம் போய் மின்விசிறி நின்றது. ஜெனரேட்டர் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அந்த இடைவெளியில் அவள் பாலாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் தம்பி, நாலாவது வரியப் பாக்கலியா நீ?"

தமிழில் கேட்டாள். சுத்தமான, டவுன் பக்கத்துத் தமிழ். விஜயகுமாரி இந்த அம்மாளிடம் எட்டு வருடமாகத் தினமும் அறிக்கை கொடுக்கிறவள், அந்த வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் கேட்டதில்லை.

"அப்படிப் பாக்காதீங்க. டவுன்ல எங்க வாப்பா குடைக்கடை வச்சிருந்தாங்க. வீட்ல என் பேரு கரீமா." டோ கின் சான் உட்கார்ந்தாள். "மூணாவது வரியக் காட்டணும்னு வந்தே. சரி. நாலாவது வரியும் அதே தாள்ல இருக்குதே. ஒரு அப்பா, ஒரு அம்மா, ரெண்டு இனம். வெளிநாட்டுல இருந்து தணிக்கைக்கு வர்றவன் பாத்தா என்ன சொல்வான்? சிறுபான்மை வேணும்னதும் ஆலையில காகிதம் தயார் பண்ணியிருக்காங்கன்னு சொல்வான். கார்டு குடுக்கிற சர்க்கார் ஆபீஸ்காரங்க பாத்தா அதவிட மோசம். உன் கார்டே போயிடும். இந்தக் காலத்துல கார்டு இல்லாம ஒரு பையன் தெரு முனை தாண்ட முடியுமா?"

பாலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்கு... தோணவேயில்ல" என்றான்.

விஜயகுமாரி அவனைத் திட்டுவதற்காக எடுத்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது. ஒரு தாள். மொத்தமே நாலு வரி. அதில் ஒன்று அவன் பெயர். அதை நகலெடுத்து, மடித்து, ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்திருக்கிறான். அவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூடத் தன் பெயர் அவன் கண்ணில் படவில்லை. படாது, மூன்றாவது வரியை மட்டுமே பார்த்தால் படாது. மூன்று நாளாக அவளுக்குள் கிடந்த அந்த 'பமா கார்டு' என்ற சொல் இப்போது அவளுக்கே திரும்பி வந்தது.

கரீமா ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பி எடுத்தாள். பட்டியலை மடித்து பாலாவிடம் நீட்டினாள். "இதை நான் பாக்கல. வீட்டுக்குக் கொண்டு போ." பிறகு படிவத்தைக் கிழித்தாள். இழுப்பறையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து விஜயகுமாரியின் முன்னால் வைத்தாள். "அது உன் எழுத்து இல்லன்னு பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. நீயே எழுது. பதினொண்ண விட்டாலும் வாங்கிக்கிறேன், நிரப்பினாலும் வாங்கிக்கிறேன்."

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் விஜயகுமாரி. அவளிடம் தமிழில் பேச நாக்கு கூசியது. "அது இல்லாம எனக்குக் கெடைக்குமா?"

"கெடைக்காது."

"எய் மோனும் போட்டிருக்காளே, அவளுக்குப் போயிடுமா?"

"போகும். அவளும் நல்ல பொண்ணு, நீ கத்துக்குடுத்தவதான். உனக்கு அடுத்தபடி. ஆனா மேனேஜர் கண்ணுக்கு உனக்கு மேல." கரீமா கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்த லோன்ஜிக் கைலியின் ஓரத்தில் துடைத்தாள். "அந்தக் கட்டம் இருந்தாலும் கைவேலை தெரியாதவளுக்கு நான் குடுக்க மாட்டேன். ரெண்டும் உண்மை. எது பெருசுன்னு எனக்கும் தெரியல. பன்னெண்டு வருஷமா நான் இந்த நாற்காலியில இருக்கேன். நோன்பு மாசத்துல அல்சர்னு சொல்லி மத்தியானம் சாப்பிடாம இருப்பேன். வருஷா வருஷம் அந்த ஒரு மாசம் மட்டும் அல்சர். எல்லாரும் கஷாயம் கொண்டாந்து தர்றாங்க. இதுவும் ஒரு வழிதான். நல்ல வழின்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. மின்விசிறி மெல்லச் சுற்றியது. விஜயகுமாரி பேனாவை எடுத்துப் பெயரிலிருந்து ஆரம்பித்தாள். பதினொன்று வந்ததும் நிறுத்தவில்லை. கடைசிக் கட்டத்தில் குறி போட்டாள். புள்ளிக்கோட்டில் எழுதினாள். அவள் எழுத்து எப்போதும் பெரிது. கோடு முடிந்த பிறகும் எழுத்து மிச்சமிருந்தது. அது பக்கத்தில் 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று இருந்த பெட்டிக்குள் போய் முடிந்தது.

"அங்க எழுதக் கூடாது," என்றாள் கரீமா.

"வேற தாள் குடுங்க, எழுதித் தர்றேன்."

"வேணாம், இருக்கட்டும்." சிரிக்காத முகம் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. கதவைத் திறந்ததும் அவள் மறுபடி டோ கின் சானாகி, "வேலைக்குப் போங்க ரெண்டு பேரும்" என்று பர்மியத்தில் அதட்டினாள்.

அன்று மாலை வழக்கம்போல அவள் ஃபெரியில் முன்னால், அவன் பின்னால். இறங்கிப் பட்டறைச் சுவரோரம் நடக்கும்போதுதான் பேசினார்கள்.

"கழுத!" என்றாள் அவள்.

"ம்."

"சொந்தப் பேரு கண்ணுக்குத் தெரியாத கழுத."

"அது என் சொந்தப் பேரு இல்லியேக்கா," என்றான் பாலா. அவள் வழியில் நின்று அவனுக்கு ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள்.

பதினைந்து நாளில் பலகையில் அவள் பெயர் வந்தது. மூன்று மாதம் பரீட்சார்த்தம், பிறகு நிரந்தரம். சிவப்புத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு ஆறாவது வரிசையின் தலைமாட்டில் போய் நின்ற முதல் நாளே அவள் பயந்தது நடந்தது. காலர் தைக்கிற பெண் பக்கத்துப் பெண்ணிடம், இயந்திரச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "கோட்டா வந்தாச்சு" என்றாள். இருபது வருடம் கேலி கேட்டுப் பழகிய காதுக்கு இயந்திரச் சத்தம் ஒரு தடையா? விஜயகுமாரி நேராக அவளிடம் போனாள். குனிந்து, நூல் இறுக்கத்தைக் கால் சுற்று தளர்த்தினாள். காலர் சுருங்குவது நின்றது. "மூணு நாளா இது சுருங்குது, யாருமே பாக்கலியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போனாள். அந்தப் பெண் அப்படியே மாறிவிட்டாள் என்றெல்லாம் இல்லை. காலர் மட்டும் சுருங்காமல் வந்தது.

எய் மோன்தான் கஷ்டமாக இருந்தாள். அவளை அதே வரிசையின் கடைசியில் தரம் பார்க்கப் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் தேவைக்கு மேலேயே ஜாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பினாள். விஜயகுமாரி அவற்றைப் பிரித்துத் தைக்கச் சொன்னாள். இரண்டாம் நாள் மாலை எய் மோன் நேருக்கு நேராக வந்து, "மா விஜா, உன்மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா நீ சொல்லித் தந்த எல்லாத்தையும் நான் கத்துக்கிட்டேன். அந்த ஒரு கட்டத்துக்கு நான் எங்கே போவேன்?" என்றாள். விஜயகுமாரி கையிலிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைத்தாள். "தெரியல எய் மோன்," என்றாள். "இத்தன வருஷம் அந்தக் கட்டத்தை வச்சுக்கிட்டு எங்க போறதுன்னு எனக்கும் தெரியல." மூன்றாம் நாள் எய் மோன் ஒரு டப்பா நிறைய லப்பெட்டு கொண்டுவந்து, ஊறிய தேயிலையில் பூண்டையும் வேர்க்கடலையையும் பிசைந்து, அவள் பக்கம் தள்ளினாள். காரம் அதிகம். இரண்டு பேரும் கண்ணில் நீர் வர, தின்று முடித்தார்கள்.

மாதக் கடைசியில் அலுவலகத்திலிருந்து ஒரு கட்டுத் தாள் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி கணக்கெடுக்கிறதாம். ஆயிரத்து இருநூறு பேரும் நிரப்ப வேண்டும். பெயர் எழுத வேண்டாம். ஒரே கேள்வி, அதே கட்டங்கள், அதே புள்ளிக்கோடு. ஆனால் கோடு இந்தத் தடவை நீளமாக இருந்தது. யார் நீட்டியிருப்பார்கள் என்று விஜயகுமாரிக்குப் புரிந்தது. ஆறாவது வரிசை சூப்பர்வைசர், தன் வரிசைக்கும் வெட்டும் பிரிவுக்கும் கொடுத்து வாங்க வேண்டும் என்று உத்தரவு.

தன் வரிசையை முடித்துக்கொண்டு அவள் வெட்டும் மேஜைக்குப் போனாள். நூறு அடுக்கு நீலத்துணி நீளவாக்கில் விரிந்து கிடந்தது. கத்தி ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் சுண்ணக்கட்டித் தூளோடு வரிசையாக வந்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் மேஜை மேலேயே வைத்து, யோசிக்காமல், முதல் கட்டத்தில் குறி போட்டுத் திருப்பித் தந்தார்கள். பாலா கடைசியாக வந்தான். இடது கையில், கத்தி படாமலிருக்கப் போடுகிற இரும்புக் கண்ணிக் கையுறை. வழக்கமாக இங்கே அவன் மற்றவர்களைப் போல அவளிடம் பர்மியத்தில்தான் பேசுவான். அவள் தாளை நீட்டினாள், பக்கத்து வீட்டுக்காரனிடம் நீட்டுகிற மாதிரி.

அவன் வாங்கினான். கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லோருக்கும் முன்னால், முதலில் இருந்து கடைசிவரை, பொறுமையாக. பின்னால் ஒருவன், "ஸோ மின், சீக்கிரம் போடு, துணி காத்திருக்கு" என்றான். பாலா கத்தியின் சுவிட்சை அணைத்தான். மேஜையைச் சுற்றி ஏற்பட்ட அமைதியில் அவன் குரல் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது.

"அக்கா, பேனா இருக்கா?"

தமிழில். வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில். சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தவன் கையை எடுக்காமல் நிமிர்ந்தான். இன்னொருவன் இவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான், சோதனைச்சாவடிச் சிப்பாயைப் போல. விஜயகுமாரி சிவப்புத் தலைத்துணிக்குள் காதோரம் செருகியிருந்த பேனாவை உருவினாள். உருவிய வேகத்தில் மூடி கழன்று நீலத்துணி மேல் உருண்டது. பாலா இரும்புக் கையுறையை விரல் விரலாகக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, வெறுங்கையை அவள் பக்கம் நீட்டினான்.